தீம் பார்க் கூட்டத்தில் யாருக்கு முன்னுரிமை: அடிக்கடி வரும் உள்ளூர்க்காரருக்கா, விடுமுறைக்கு வந்த வெளியூர்க்காரருக்கா?

கெடிலக்கரை (கடலூர்)

அனைவருக்கும் வணக்கம். அரையாண்டுத் தேர்வு விடுமுறையில், கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் கழித்து, மனைவி, இரண்டு பிள்ளைகள், என் தாயார் ஆகியோரை அழைத்துக்கொண்டு சென்னைக்குத் தெற்கே உள்ள ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்குச் சென்று வந்தேன். யாரையும் பெயர் சொல்லிக் குறை கூறுவது என் நோக்கமன்று. ஆகவே பூங்காவின் பெயர் வேண்டாம். விடியற்காலை நான்கரை மணிக்கு மஞ்சக்குப்பத்தில் வாடகைக் கார் ஏறி, டிக்கெட் கவுன்ட்டர் திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றோம். அப்படிப் போயும் மாலை வரை நாங்கள் ஏறியது மொத்தம் ஐந்து ரைடுகள். பெரிய ரோலர் கோஸ்டருக்கு மட்டும் ஒரு மணி ஐம்பது நிமிடம் நின்றோம். வரிசையின் முனைக்கு வந்த பிறகு, உயரம் அளக்கும் கோலுக்கு இரண்டு விரற்கடை குறைகிறான் என்று மகனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். (அதை வரிசையின் தொடக்கத்திலேயே அளந்திருக்கலாம் என்பது தனிக்கதை.)

என்னை உறுத்தியது வேறு. எங்களுக்கு முன்னால் நின்ற கல்லூரி மாணவர்கள் ஆறு பேரும் ஆண்டு பாஸ் வைத்திருப்பவர்கள். அந்த மாதத்தில் அது தங்களுக்கு மூன்றாவது வருகை என்று அவர்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. இறங்கியவுடன் மீண்டும் அதே வரிசையின் பின்னால் போய் நின்றார்கள். அரை மணி நேரத்தில் வந்து சேரக்கூடிய தொலைவில் வசிப்பவர், ஆண்டுக்கு ஒருமுறை நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வரும் குடும்பம் நிற்கும் நாளில்தான் வர வேண்டுமா? பள்ளி விடுமுறை நாட்களில் ஆண்டு பாஸ் செல்லாது என்று ஒரு விதி வைத்தால் என்ன? உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

முத்தியால்பேட்டைவாசி (புதுச்சேரி)

ஐயா, உங்கள் வருத்தம் நியாயமானதுதான். ஆனால் அதைக் கண்ணாடியில் திருப்பிப் பார்க்க வேண்டிய நிலையில் இருப்பவன் நான். எங்கள் கடற்கரைச் சாலை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் நீளம். மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை அங்கே வண்டிகளுக்கு அனுமதி இல்லாததால், நடப்பதற்கென்றே அமைந்தது போன்ற இடம். என் தந்தையார் முப்பது ஆண்டுகளாகக் காந்தி சிலைக்கும் பழைய துறைமுகப் பக்கத்துக்கும் இடையே மாலை நடை போனவர். இப்போது சனி, ஞாயிறுகளில் அவர் வீட்டை விட்டு இறங்குவதில்லை; நடையை விடியற்காலை ஐந்து மணிக்கு மாற்றிக்கொண்டார். சென்னையிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் கடலூரிலிருந்தும் வருகிறவர்கள் "ஆண்டுக்கு ஒருமுறைதானே வருகிறோம்" என்றுதான் சொல்கிறார்கள். அவர்களுக்கு அது ஒரு சனிக்கிழமை. எங்களுக்கு அது ஐம்பத்திரண்டு சனிக்கிழமை. பூங்காவில் உள்ளூர்க்காரர் ஒதுங்க வேண்டும் என்று நீங்கள் கேட்கிறீர்கள். எங்கள் ஊரில் நாங்கள் யாரும் சொல்லாமலேயே ஒதுங்கிவிட்டோம்.

கெடிலக்கரை

கடற்கரைச் சாலை பொது இடம், ஐயா. அங்கே கட்டணமும் இல்லை, வரிசையும் இல்லை. நான் பேசுவது தலைக்கு இவ்வளவு என்று பணம் வாங்கிக்கொண்டு உள்ளே விடும் இடத்தைப் பற்றி. ஒருவர் ஒரு நாளுக்கு முழுக் கட்டணம் கொடுக்கிறார். இன்னொருவர் ஒரே பாஸில் இருபது முறை வருகிறார். இருவரும் ஒரே வரிசையில் நிற்கும்போது, ஒரு ரைடுக்கு இருவரும் கொடுத்திருக்கும் விலை ஒன்றாகுமா?

லாஸ்பேட்டை மென்பொருளர் (புதுச்சேரி)

நீங்கள் கேட்ட இதே கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் பூங்கா ஒன்றை எனக்கு நேரில் தெரியும். கலிஃபோர்னியாவில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தேன்; வீட்டிலிருந்து அனாஹைமில் உள்ள டிஸ்னிலேண்டுக்கு இருபத்தைந்து நிமிடப் பயணம். அதாவது, நீங்கள் குறைப்பட்ட அந்த ஆண்டு பாஸ்காரன் நான்தான்.

டிஸ்னிலேண்டு 1955 ஜூலை 17 அன்று சுமார் 160 ஏக்கர் நிலத்தில் திறக்கப்பட்டது. சுற்றிலும் நகரம் வளர்ந்து நெருக்கிவிட்டதால் அது பெரும்பாலும் அக்கம்பக்கத்தார் வந்து போகும் பூங்காவாகிவிட்டது. அதே நிறுவனம் 1971 அக்டோபரில் ஃபுளோரிடாவில் திறந்த வால்ட் டிஸ்னி வேர்ல்டு வேறு வகை. அங்கே சுமார் 25,000 ஏக்கர் நிலம். வருகிறவர்களில் பெரும்பாலோர் விமானம் ஏறி வந்து, ஓட்டலில் தங்கி, நான்கைந்து நாள் சுற்றிப் பார்ப்பவர்கள். ஆகவே இரண்டிலும் கூட்டத்தின் போக்கே வேறாக இருக்கும். ஃபுளோரிடாவில் காலை வாசல் திறக்கும்போதே முண்டியடிப்பார்கள். அனாஹைமில் மாலை அலுவலகம் விட்ட பிறகு இன்னோர் அலை வரும். என்னைப் போன்றவர்கள் ஆறு மணிக்கு உள்ளே போய், ஒரே ஒரு ரைடு ஏறி, எதையாவது கொறித்து, வாணவேடிக்கை பார்த்துவிட்டு வீடு திரும்புவோம். இரண்டு மணி நேர வரிசையில் நாங்கள் நிற்க மாட்டோம். நாளை வரலாம் என்ற நினைப்பு இருக்கும்போது எவர் நிற்பார்? அந்த வகையில் கெடிலக்கரை ஐயா கண்ட ஆறு மாணவர்கள் எனக்குச் சற்று வியப்பாகவே இருக்கிறார்கள்.

நிறுவனம் எங்களை எப்படிப் பார்த்தது என்பதும் சொல்லத்தக்கது. தொற்றுக் காலத்தில் பூங்கா ஓராண்டுக்கும் மேலாக மூடிக் கிடந்தபோது, 2021 ஜனவரியில் பழைய ஆண்டு பாஸ் திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். ஏப்ரல் 30 அன்று மீண்டும் திறந்தபோது தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் வசிப்பவர்களுக்கு மட்டுமே அனுமதி. ஊர்க்காரர்தான் அன்று கைகொடுத்தார். ஆகஸ்டில் "மேஜிக் கீ" என்ற புதிய பாஸ் வந்தது. பாஸ் கையில் இருந்தாலும் வர விரும்பும் நாளை முன்கூட்டிப் பதிவு செய்தாக வேண்டும். மலிவான பாஸ்களுக்கு விடுமுறை நாட்கள் அடைக்கப்பட்டிருக்கும். நீங்கள் கேட்கும் விதி ஏறத்தாழ இதுதான். ஆனால் 1,399 டாலர் விலையில், எந்த நாளும் அடைபடாது என்று சொல்லி விற்கப்பட்ட உயர்ந்த பாஸை வாங்கியவர்களுக்கும் பல நாட்களுக்குப் பதிவு கிடைக்கவில்லை. வழக்கு தொடரப்பட்டது, 2023இல் 95 லட்சம் டாலர் கொடுத்து நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. அதற்கு முந்தைய ஆண்டு, முதலீட்டாளர்களுக்கான அறிக்கையில், அனாஹைமில் "வருகையாளர் கலவை சாதகமாக இல்லை" என்று எழுதியிருந்தார்கள். அதிகம் செலவு செய்யாத பாஸ்காரர்கள் மிகுந்துவிட்டார்கள் என்று எங்களைத்தான் சொன்னார்கள். ரசிகர்கள் சளைக்காமல் அந்தச் சொற்றொடரையே பனியனில் அச்சடித்து அணிந்துகொண்டு பூங்காவுக்குப் போனார்கள்.

நெல்லிக்குப்பத்தான்

நான் நான்கு ஆண்டுகள் ஒரு பூங்காவில் ரைடு ஆபரேட்டராக வேலை பார்த்தவன். யார் கட்டணம் கொடுத்தார், எவ்வளவு கொடுத்தார் என்பது மேடையில் நிற்பவனுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரிந்தது ஒரு மணி நேரத்தில் எத்தனை பேரை ஏற்றி இறக்கினோம் என்ற கணக்கு மட்டுமே. அதைச் சொன்னால் இந்த விவாதத்துக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

24 இருக்கைகள் உள்ள ஒரு ரைடை எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டம் இரண்டு நிமிடம்தான். ஆனால் ஏற்றி, பைகளை வாங்கி வைத்து, இருக்கையின் பாதுகாப்புக் கம்பியான பாரை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துப் பூட்டை உறுதி செய்து, ஓடி முடித்து இறக்குவதற்குள் நான்கு நிமிடம் ஆகிவிடும். மணிக்கு 15 சுற்று, 360 பேர். இதே ரைடுக்கு முதன்முறையாக வரும் குடும்பங்கள் நிறைந்த நாளில் என்ன நடக்கும் தெரியுமா? ஒருவர் கைபேசியையும் மூக்குக்கண்ணாடியையும் எங்கே வைப்பது என்று தேடுவார். ஒருவர் குழந்தையைக் கணவரிடம் கொடுக்கத் திரும்பி நடப்பார். கடைசி நொடியில் பயந்து இறங்குகிறவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு நிமிடம் கூடினால் போதும், மணிக்கு 12 சுற்றாகி 288 பேராகிவிடும். அதாவது ஐந்தில் ஒரு பங்கு பறிபோகும். அடிக்கடி வருகிறவர் கண்ணை மூடிக்கொண்டு வந்து உட்கார்ந்து தாமே பாரை இழுத்துக்கொள்வார். கூட்டம் கூடுவது ஆட்களின் எண்ணிக்கையால் மட்டுமல்ல என்பதற்காகச் சொல்கிறேன். வெளியூர்க்காரரைக் குறை சொல்வதற்காக அல்ல.

உள்ளூர்க்காரரை விட உங்கள் நேரத்தை அதிகமாகத் தின்பது, கூடுதல் பணம் கொடுத்து முந்திச் செல்லும் விரைவு டிக்கெட் வரிசை. அதே ரைடில் மணிக்கு 360 பேர் ஏறலாம் என்றால், முன்னால் நிற்கும் 540 பேர் ஒன்றரை மணி நேரத்தில் ஏறிவிடுவார்கள். மூன்றில் ஒரு இருக்கை விரைவு வரிசைக்குப் போனால், சாதாரண வரிசைக்குக் கிடைப்பது 240தான். அதே 540 பேருக்கு இரண்டேகால் மணி நேரம். அதற்கு இரட்டிப்பு விலை கொடுத்து வாங்குகிறவர் பெரும்பாலும் யார் என்று நினைக்கிறீர்கள்? ஒரு நாள்தான் வாய்ப்பு என்று தொலைவிலிருந்து வந்தவர்கள்தான். பக்கத்து ஊர்ப் பாஸ்காரர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

இன்னொன்று. தடத்தில் இரண்டு வண்டி ஓட்டக்கூடிய ரோலர் கோஸ்டரில், கூட்டம் குறைந்த வாரநாளில் ஒன்றை மட்டுமே ஓட்டுவார்கள். ஆகவே செவ்வாய்க்கிழமை போனால் காற்று வாங்கலாம் என்று எதிர்பார்த்து வருகிறவர்களும் சில நேரம் முகம் வாடிப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

கெடிலக்கரை

விரைவு டிக்கெட் பற்றி நீங்கள் சொன்ன கணக்கு என்னை வாயடைக்க வைத்துவிட்டது, தம்பி. அன்று என் மகள் கேட்டபோது, "நாமும் அதை வாங்கியிருக்கலாம், ஐந்து பேருக்கு மிக அதிகமாகிறதே" என்று சொன்னேனே தவிர, எங்கள் ஒன்று ஐம்பதில் எவ்வளவு அதனால் வந்தது என்று யோசிக்கவில்லை.

சொல்தா பேரன் (பாரிஸ் அருகே, சொந்த ஊர் புதுச்சேரி)

என் தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது படைவீரராக இருந்தவர். அந்த வழியில் நாங்கள் இங்கே வந்து சேர்ந்தோம். 1992 ஏப்ரலில் மார்ன் லா வலேயில் திறக்கப்பட்ட டிஸ்னிலேண்டு எங்கள் வீட்டிலிருந்து ரயில் ஏறினால் ஒரு மணி நேரம். புதுச்சேரியிலிருந்து யார் வந்தாலும் ஈஃபிள் கோபுரத்துக்கு அடுத்து அங்கேதான் அழைத்துப் போக வேண்டும் என்பது எங்கள் குடும்பத்தில் எழுதப்படாத சட்டம். அத்தை வீட்டார், சித்தப்பா வீட்டார் என்று பலமுறை போயிருக்கிறேன். உள்ளூர்க்காரனாக வழி தெரிந்து, வெளியூர்க்காரரோடு வரிசையில் நின்றவன் என்பதால் இரண்டு பக்கமும் ஓரளவு தெரியும்.

இங்கே உள்ள ஏற்பாடு ஒன்றை நம் ஊரில் யாரும் பேசிக் கேட்டதில்லை. பிரான்ஸ் நாடு பள்ளி விடுமுறைக்காக ஏ, பி, சி என்று மூன்று மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. குளிர்கால விடுமுறையும் வசந்தகால விடுமுறையும் மூன்று மண்டலங்களுக்கும் ஒரே நாளில் தொடங்குவதில்லை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரம், ஆனால் ஒரு வாரம் முன்பின்னாகத் தள்ளித் தொடங்கும். பாரிஸ் சி மண்டலத்தில் இருக்கிறது. பனிச்சறுக்கு ஊர்களும் ரயில்களும் நெடுஞ்சாலைகளும் ஒரே வாரத்தில் திணறக் கூடாது என்பதே நோக்கம். பூங்காவுக்கும் அதனால் நன்மைதான். பாரிஸ் பிள்ளைகளுக்குப் பள்ளி நடக்கும் வாரத்தில் லியோன் பிள்ளைகள் வந்து போய்விடுவார்கள். கோடை விடுமுறைக்கும் கிறிஸ்துமஸுக்கும் இந்தப் பிரிப்பு இல்லை. அந்த நாட்களில் இங்கேயும் கெடிலக்கரை ஐயாவின் கதைதான்.

மஞ்சக்குப்பம் ஆசிரியை

சொல்தா பேரன் தம்பி எழுதியதைப் படித்தபோது, நம் பகுதியில் தெரிந்தோ தெரியாமலோ அப்படி ஒரு பிரிப்பு ஏற்பட்டிருப்பது நினைவுக்கு வந்தது. கடலூரில் உள்ள மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளுக்கு ஜூனில்தான் கல்வியாண்டு தொடங்கும். புதுச்சேரி அரசுப் பள்ளிகளோ மத்திய பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன. அங்கே ஏப்ரலிலேயே புதிய வகுப்பு தொடங்கி, பிறகு கோடை விடுமுறை விடுகிறார்கள். இடையில் இருபத்து சொச்சம் கிலோமீட்டர்தான். ஆனால் ஏப்ரல் மாதத்தின் ஒரு பகுதியில் புதுச்சேரியில் படிக்கும் என் அண்ணன் பிள்ளைகளுக்குப் பள்ளி இருக்கும், என் மாணவர்களுக்குத் தேர்வு முடிந்திருக்கும்.

ஆனாலும் அரையாண்டு விடுமுறை என்று வந்துவிட்டால், தமிழ்நாடு முழுவதும் ஒரே நாளில் கதவைத் திறந்துவிட்ட மாதிரிதான். கன்னியாகுமரியிலிருந்து திருவள்ளூர் வரை எல்லாக் குடும்பங்களுக்கும் அதே ஒன்பது, பத்து நாட்கள்தான். அந்த நாட்களில் ஆண்டு பாஸ்காரர் ஒருவரையும் உள்ளே விடாமல் வைத்தாலும், ஐயா, உங்கள் முன்னால் அந்த ஆறு மாணவர்களுக்குப் பதிலாகத் திண்டிவனத்துக் குடும்பம் ஒன்று நின்றிருக்கும்.

லாஸ்பேட்டை மென்பொருளர்

ஆசிரியை அம்மா சொன்ன நாள்காட்டிக் கணக்கைத் தவறவிட்டதால் வந்த விளைவுக்கு ஹாங்காங் நல்ல சான்று. அங்குள்ள டிஸ்னிலேண்டு 2005 செப்டம்பரில் திறக்கப்பட்டது. ஆறு மாதத்துக்குள் எந்த நாளிலும் வரலாம் என்ற டிக்கெட்டை விற்றார்கள். கூட்டம் மிகும் சில நாட்களுக்கு மட்டும் தேதி குறித்த தனி டிக்கெட். 2006 சீனப் புத்தாண்டில், ஹாங்காங்கின் பொது விடுமுறை முடிந்ததும் கூட்டம் வடிந்துவிடும் என்று கணக்கிட்டிருந்தார்கள். ஆனால் எல்லைக்கு அப்பால் சீனப் பெருநிலத்தில் விடுமுறை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அங்கிருந்து குழந்தை குட்டிகளோடு வந்தவர்கள், கையில் செல்லுபடியாகும் டிக்கெட் இருந்தும், வாசல் கதவு மூடப்பட்டு வெளியே நின்றார்கள். உள்ளூரின் நாள்காட்டியை மட்டும் பார்த்து வாசலைத் திறந்ததால் வந்த வினை.

இதற்கு எதிர்மாறான கதையும் உண்டு. 2019 மே 31 அன்று அனாஹைமில் ஸ்டார் வார்ஸ் திரைப்படங்களை அடியொற்றிய புதிய பகுதி திறந்தபோது நகரமே திணறப் போகிறது என்று எல்லோரும் அஞ்சினோம். பாஸ்காரர்களுக்குப் பல நாட்கள் அடைக்கப்பட்டன; முதல் மூன்று வாரங்கள் முன்பதிவு இல்லாமல் அந்தப் பகுதிக்குள் நுழைய முடியாது. முடிவில் அந்தக் கோடையில் பூங்கா எதிர்பார்த்ததை விட வெறிச்சோடிக் கிடந்தது. உள்ளூர்க்காரர் அடைபட்டுக் கிடந்தார். வெளியூர்க்காரர் கூட்டத்துக்குப் பயந்து பயணத்தைத் தள்ளிப்போட்டார். நடுவில் யாரும் இல்லை.

விருந்தினர் இல்லத்தார் (புதுச்சேரி)

நான் ஆறு அறைகள் கொண்ட சிறிய தங்கும் விடுதி நடத்துகிறேன். வார இறுதிக் கூட்டத்தைப் பற்றி முத்தியால்பேட்டைவாசி எழுதியதை மறுக்க மாட்டேன். எங்கள் தெருவில் வெளிமாநில வண்டி ஒன்று என் வீட்டு வாசலையே மறித்து நிற்கும்போது எனக்கும் எரிச்சல் வரும். ஆனால் அந்த வண்டிக்காரர்தான் என் வாடிக்கையாளராகவும் இருப்பார். எனக்கு வெள்ளி மாலை முதல் ஞாயிறு மதியம் வரைதான் வருமானம். திங்கள் முதல் வியாழன் வரை பாதி அறைகள் பூட்டிக் கிடக்கும். பூங்காக்காரருக்கும் இதே கதையாகத்தான் இருக்க வேண்டும். வாரநாளில் வாசலைத் திறந்து வைக்க ஊழியருக்குச் சம்பளம், மின்சாரம், தண்ணீர் எல்லாம் அதேதான். அந்த நாட்களில் வந்து உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறவர் பாஸ் வைத்திருக்கும் பக்கத்து ஊர்க்காரர். அவரை ஆண்டு முழுவதும் பயன்படுத்திக்கொண்டு, டிசம்பர் வந்ததும் வாசலிலேயே நிறுத்துவது முறையாகுமா என்று நான் கேட்பேன்.

கோட்டக்குப்பம் வழியாக

மேலே பேசும் எல்லோரும் ஒரு வழியை மறந்துவிட்டீர்கள். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் இருக்கிறது. உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஏப்ரல் முதல் எண்ணிக்கையும் வரையறுக்கப்பட்டது: நீலகிரிக்கு வாரநாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. உள்ளூர் வண்டிகளுக்கு விலக்கு. இத்தாலியில் வெனிஸ் நகரமும் 2024 ஏப்ரல் 25 முதல், கூட்டம் மிகுந்த குறிப்பிட்ட நாட்களில், ஒரு நாள் வந்து போகிறவரிடம் 5 யூரோ வாங்கத் தொடங்கியது. அங்கே வசிப்பவருக்குக் கட்டணம் இல்லை. புதுச்சேரிக்கும் அப்படி ஒன்று வரட்டும். பூங்காக்களும் மாவட்டம் பார்த்து விலை வைக்கட்டும்.

பாகூர் ஏரிக்கரை

மலைக்குச் செல்லும் வழிகள் சில. அவற்றில் சோதனைச்சாவடி வைத்து எண்ணலாம். புதுச்சேரிக்கு எங்கே சாவடி வைப்பீர்கள்? எங்கள் பாகூர்ப் பக்கம் ஒரு வயல் புதுச்சேரி, அடுத்த வயல் கடலூர் மாவட்டம். நீங்கள் பெயரில் வைத்துக்கொண்டிருக்கும் கோட்டக்குப்பமே தமிழ்நாடு. அங்கிருந்து முத்தியால்பேட்டைக்குக் காய்கறி வாங்க வருகிறவர் சுற்றுலாப் பயணியா? கடலூரிலிருந்து நாள்தோறும் ஜிப்மருக்கு வைத்தியத்துக்கு வருகிறவர் யார்?

"உள்ளூர்" என்பதை அடையாள அட்டையை வைத்து முடிவு செய்தால் இன்னும் வேடிக்கை. ஏனாம் எங்கள் ஒன்றியப் பிரதேசத்தைச் சேர்ந்தது; ஆந்திரத்தில் காக்கிநாடாவுக்குப் பக்கத்தில், இங்கிருந்து 800 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. ஏனாம்காரர் உள்ளூர்க்காரராகி, புதுச்சேரிப் படகுத்துறை இருக்கும் சுண்ணாம்பாற்றிலிருந்து பதினைந்து கிலோமீட்டரில் இருக்கும் கெடிலக்கரை ஐயா வெளியூர்க்காரராகிவிடுவார். பூங்காவின் கதையும் அப்படித்தான். அது செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கும், வருகிறவர் சென்னை மாவட்டத்தில் இருப்பார். மாவட்டம் பார்த்து விலை வைத்தால் யாருக்குச் சலுகை?

முத்தியால்பேட்டைவாசி

ஏரிக்கரையார் சொல்வது சரி. நாங்கள் ஒதுங்கிக்கொண்டோம் என்று நான் எழுதியதில் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். என் தந்தையார் காலை ஐந்து மணிக்கு மாறியதற்குக் காரணம், அவரால் மாற முடிந்தது என்பதே. சனிக்கிழமை மாலையை விட்டால் வேறு நேரமே இல்லாத எங்கள் தெரு ஜவுளிக்கடைப் பணியாளர் ஒருவர் இருக்கிறார்; அவரும் இதே ஊர்தான். அவர் தம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அந்தக் கூட்டத்துக்குள்தான் போய் வருகிறார். வெளியூர் வண்டிகளோடு சேர்த்து நான் எண்ணிய கூட்டத்தில் அவரும் இருந்திருப்பார்.

கெடிலக்கரை

நீங்கள் எழுதிய அனைத்தையும் வீட்டில் வாசித்துக் காட்டினேன். அந்த ஆறு மாணவர்களும் கல்லூரி விடுமுறை என்பதால்தானே அன்று வந்திருப்பார்கள் என்று மகள் கேட்டாள். அப்படித்தான் இருக்க வேண்டும். நானும் கடந்த காணும் பொங்கலன்று, எங்கள் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து டிராக்டரிலும் வேனிலும் வந்திறங்கிய கூட்டத்தைப் பார்த்து, "இவர்களெல்லாம் இன்றைக்குத்தான் வர வேண்டுமா" என்று மனைவியிடம் முணுமுணுத்தவன்தான். கடற்கரையிலிருந்து என் வீடு பத்து நிமிட நடை. எந்த நாளும் போகலாம். ஆனால் நானும் அன்றைக்குத்தான் போயிருந்தேன்.

ஆண்டு பாஸை அடைக்க வேண்டும் என்ற என் கோரிக்கையைப் பாதியாகக் குறைத்துக்கொள்கிறேன். முழுவதும் விடவில்லை. விடுமுறை நாட்களில் பாஸ்காரர் மதியத்துக்கு மேல் வரட்டும் என்று வைக்கலாம். காலை வேளை தொலைவிலிருந்து வந்தவர்களுக்கு. மாலையில் நாங்கள் எப்படியும் கடலூருக்குக் கிளம்பிவிடுவோம். விரைவு டிக்கெட்டுக்கு ஒரு வரம்பு வைத்து, அந்த வரம்பைக் கவுன்ட்டரிலேயே எழுதிப் போட வேண்டும். இந்த இரண்டைச் செய்தாலே எனக்குப் போதும். சரி, அடுத்த முறை எந்த நாளில் போவது என்று யாராவது சொல்லுங்கள்.

முத்தியால்பேட்டைவாசி

எங்களுக்கு ஒரு நாள் இருக்கிறது. வெளியே சொல்லாமல் வைத்திருந்தேன். நவம்பர் 1. 1954இல் பிரெஞ்சு ஆட்சியிடமிருந்து இந்தப் பகுதி கைமாறிய விடுதலை நாள் என்று புதுச்சேரிக்கு மட்டும் விடுமுறை. தமிழ்நாட்டில் பள்ளியும் அலுவலகமும் வழக்கம்போல் நடக்கும். ஆகஸ்டு 16ஆம் தேதியும் எங்களுக்கு விடுமுறைதான், ஆனால் அது சுதந்திர தினத்தை ஒட்டி வருவதால் சென்னைக்காரர்கள் விடுப்புப் போட்டுக் கெடுத்துவிடுவார்கள். நவம்பர் 1 தான் பொன்னான நாள். (2024இல் மட்டும் முந்தைய நாள் தீபாவளி வந்து, தமிழ்நாட்டிலும் விடுமுறை விட்டுவிட்டார்கள்.)

லாஸ்பேட்டை மென்பொருளர்

நாள்காட்டியைப் பார்த்தீர்களா, ஐயா? 2026 நவம்பர் 1 ஞாயிற்றுக்கிழமை.

மஞ்சக்குப்பம் ஆசிரியை

மேலும் கெடிலக்கரை ஐயாவின் பிள்ளைகள் கடலூரில் படிக்கிறார்கள். அவர்களுக்கு நவம்பர் 1 ஞாயிறாக இல்லாவிட்டால் பள்ளி நாள்தான். நம் மாவட்டத்துக்கென்று உள்ள நாள் வேறு. மார்கழித் திருவாதிரைக்குச் சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனம் நடப்பதால் கடலூர் மாவட்டத்துக்கு மட்டும் உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கம். ஈடாக ஒரு சனிக்கிழமை பள்ளி வைப்பார்கள். சில ஆண்டுகளில் அது அரையாண்டு விடுமுறைக்குள்ளேயே வந்து வீணாகிவிடும். அப்படி விழாத ஆண்டில், செங்கல்பட்டிலும் சென்னையிலும் பள்ளி நடக்கும் அந்த ஒரு நாளில் நீங்கள் போகலாம்.

கெடிலக்கரை

நல்ல யோசனைதான், அம்மா. ஆனால் ஆருத்ரா தரிசனத்தன்று நடராஜரைப் பார்க்கப் போகாமல் ராட்டினம் ஏறப் போகிறோம் என்று என் தாயாரிடம் யார் சொல்வது?